‘ஏத்துக்கிட்டா நமக்கு என்ன வேலை?’

சிறப்பு ஆசிரியர்களும் தெரபிஸ்டுகளும் உளவியலாளர்களும் கூடியிருந்த ஒரு பயிற்சி முகாம். முப்பதாண்டு அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். “ஆட்டிசம் ஒரு வேறுபாடு, அப்படியே ஏத்துக்கணும்னு இப்ப எல்லாரும் பேசுறாங்க. அப்படியே ஏத்துக்கிட்டா நமக்கு என்ன வேலை? பெத்தவங்க நம்மகிட்ட எதுக்கு வர்றாங்க? பிள்ளையை மாத்திக் கொடுங்கன்னுதானே?” அரங்கம் கைதட்டியது. அவர் பிள்ளை என்று சொன்னது அன்று காலை நாங்கள் விவாதித்த ஒருவரை. அந்தப் பிள்ளைக்கு வயது 38.

அன்று நான் எழுந்து பதில் சொல்லவில்லை. இத்தனைக்கும் இதே தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். அந்த மௌனம் இன்றுவரை உறுத்துகிறது.

அவர் இரக்கமற்றவர் அல்ல. என் வயதுக்காரர்கள் பலரும் அவரிடம்தான் தொழில் பழகினோம். அவர் கருத்தை நேர்மையாக எடுத்துவைத்தால் இப்படி வரும்: ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் எட்டாது. உலகம் அவர்களுக்காக மாறப்போவதில்லை. ஆகவே உலகத்துக்கு ஏற்ப அவர்களைப் பழக்கிவிடுவதே நம் வேலை. அதை விட்டுவிட்டு ஏற்பு என்று பேசுவது, கைகழுவுவதற்கு இன்னொரு பெயர். நம் கிளினிக்குகளிலும் பயிற்சி மையங்களிலும் நிறுவனங்களின் மனிதவளத் துறைகளிலும் நிலவுவது இந்தக் கருத்துதான். இதன் ஒவ்வொரு வரியும் தவறு என்கிறேன். அன்பு போதவில்லை என்பது என் புகார் இல்லை. நம் கணிப்பு தப்பு, அதனால் நம் வைத்தியமும் தப்பு என்பதே புகார்.

என் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். பொறியியல் நல்ல மதிப்பெண்ணில் முடித்தவர். ஐந்து நேர்முகத் தேர்வுகளில் கழித்துவிட்டார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை என்பதே அவர் அம்மாவின் கவலை. நான் பாடம் வகுத்தேன். முதலில் கண்ணாடி முன், பிறகு என் முன். மூன்று நொடி பார்க்க வேண்டும், விலக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டு புருவத்துக்கு நடுவில் பார்க்கலாம். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு மூன்று மாதம் பழக்கினேன். ஆறாவது நேர்முகத் தேர்வில் வேலை கிடைத்தது. அம்மா ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தார். போகிற கூட்டத்திலெல்லாம் இதை வெற்றிக் கதையாகச் சொன்னேன்.

நான்கே மாதத்தில் அவர் வேலையை விட்டார். என்னிடம் வந்தபோது பேசவில்லை. மடித்த தாளை மேசைமேல் வைத்தார். நான்கு வரி. “மேடம், கண்ணைப் பார்க்கும்போது எனக்குக் காது கேட்பதில்லை. மேனேஜர் சொன்ன எதுவும் மண்டையில் ஏறவில்லை. கண்ணைப் பார்த்தேன், நல்லா பழகுறேன்னு பாராட்டினார். சொன்ன வேலையைச் செய்யலை, அதுக்குத் திட்டினார்.”

அவர் காதை வாங்கிக்கொண்டு கண்ணைக் கொடுத்திருக்கிறேன். யாருக்காக? எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சங்கடம் இல்லாமல் இருக்க.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. கண்ணுக்குக் கண் பார்ப்பது நம் வீடுகளில் எந்தக் காலத்தில் மரியாதையாக இருந்தது? அப்பா திட்டும்போது நிமிர்ந்து பார்த்தால், “என்ன முறைக்கிறே?” என்று இன்னும் இரண்டு விழும். வாத்தியார் முன் தலை குனிந்து நின்றால் பணிவான பையன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிமிராமல் காபித் தட்டை நீட்டினால் அடக்கமான பெண். அப்படிப்பட்ட ஊரில், அமெரிக்கப் பயிற்சி நூலில் இருந்த ஒரு வரியை நம்பி, பிள்ளைகளின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி, “என்னைப் பாரு, என்னைப் பாரு” என்று வருடக்கணக்கில் சொல்லியிருக்கிறோம். அதே தலைகுனிவு பெண்களிடம் அடக்கமாகத் தெரிந்ததால், அவர்களை யாரும் எங்களிடம் அழைத்து வரவே இல்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதில், தன் குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், குழந்தையின் அறிக்கையை வரி வரியாகப் படித்து, “இது நான்தானே?” என்று வரும் தாய்மார்கள் அவர்கள்தான். அவர்களுக்கு நம்மவர்கள் சொல்லும் பதில் என்ன? “நல்லாத்தானே பேசுறீங்க? கல்யாணமாகி குழந்தை குட்டியோட இருக்கீங்க. உங்களுக்கு என்ன ஆட்டிசம்?” பேசிவிட்டு வீடு திரும்பி அவர்கள் இரண்டு நாள் இருட்டறையில் படுத்திருப்பதை யாரும் கேட்பதில்லை.

பிறர் மனம் எட்டாது என்ற முதல் வரிக்கு வருகிறேன். இதற்கு வேர் 1985-ல் வெளியான ஒரு சோதனை. சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் லண்டனில் செய்தது. சாலி என்ற பொம்மை கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் தவறான பதில் சொன்னார்கள். சரியாகச் சொன்ன 4 பேரை உலகம் மறந்தது. 16 பேரை வைத்து ஒரு கோட்பாடு எழுந்தது. பிள்ளைகளிடம் செய்த அந்தச் சோதனையின் தீர்ப்பைத்தான் இன்றும் நாற்பது வயதுக்காரர் மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 2012-ல் ஒரு எளிய கேள்வி கேட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவருக்கு உங்கள் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு அவர் மனம் புரிகிறதா? புரியாமை இருபுறமும் இருக்கும்போது ஒருபுறத்துக்கு மட்டும் ஏன் நோய்ப் பெயர்? இதை இருபக்கப் புரிதல் சிக்கல் என்று அவர் அழைத்தார். வெறும் வாதம் என்று ஒதுக்க முடியாதபடி சோதனைகளும் வந்தன. 2017-ல் நோவா சாசனும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் மற்றவர்களும் பேசும் சில நொடிக் காட்சிகளைப் பிறருக்குக் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ளவரோடு பழக விருப்பமில்லை என்று பார்த்தவர்கள் அந்தச் சில நொடியிலேயே முடிவு கட்டினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு காணாமல்போனது. சொன்ன விஷயத்தில் குறையில்லை. குரலும் முகமும் பழக்கமில்லாத மாதிரி இருந்தன, அவ்வளவுதான்.

2020-ல் எடின்பரோவில் காதோடு காதாகக் கதை கடத்தும் விளையாட்டைப் போன்ற ஒரு சோதனை நடந்தது. எட்டெட்டுப் பேராக வரிசைகள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசைகளில், மற்றவர்களின் வரிசைகளைப் போலவே கதை கைமாறியது. இரு தரப்பையும் கலந்த வரிசைகளில்தான் அதிகம் சிதைந்தது. பிறகு இன்னும் அதிகமான பேரை வைத்துச் செய்தபோது மூன்று விதமான வரிசைக்கும் வித்தியாசம் தென்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டு முறையுமே ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது செய்தி மற்றவர்களிடம் தொலைந்ததைவிட அதிகம் தொலையவில்லை. அவர்களால் தகவலே பரிமாற முடியாது என்பதுதானே நம் பாடத்திட்டத்தின் அடித்தளம்?

தமிழ்நாட்டில் அந்த அடித்தளத்துக்கு அரசாங்கப் பெயரே இருக்கிறது. படிவங்களில் ஆட்டிசத்துக்கு எழுதியிருப்பதைப் படித்துப்பாருங்கள்: புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம். இந்தப் பெயரைத் தாங்கிய அட்டையைக் கையில் வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். பேருந்தின் ஹாரன் ஒலியை வைத்து அது எந்தக் கோட்டப் பேருந்து என்று சொல்வார். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடினால் இவருக்குக் குமட்டும். புற உலகம் அவருக்கு இல்லை என்று யார் சொன்னது? அது அவரை நெருக்குவதுதான் அவருடைய அவதியே.

நம் அறைகளில் அந்தப் பெயர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு தனியார் மருத்துவமனைக்கு 33 வயதான ஒருவரோடும் அவர் அம்மாவோடும் துணைக்குப் போயிருந்தேன். வயிற்றுவலி. வரவேற்பில் “கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க” என்றார்கள். கொஞ்ச நேரம் என்றால் எத்தனை நிமிடம் என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மணி நேரம் போனது. டோக்கன் மணி, தொலைக்காட்சி, அழும் குழந்தை, ஒரு முனை கருத்து விட்டு விட்டு எரியும் டியூப்லைட். உள்ளே போனபோது அவர் கைகளை உதறியபடி இருந்தார். டாக்டர் அவர் பக்கமே திரும்பவில்லை. அம்மாவைக் கேட்டார்: “எப்ப இருந்து வலிக்குதுங்கிறான்? நல்லா சாப்பிடுறானா? மோஷன் போறானா?” அவருக்கு என்று வந்த ஒரே வாக்கியம், “கண்ணா, பெட்ல ஏறிப் படு.” அந்தக் கண்ணா வருமான வரிப் படிவங்களைத் தயாரித்துச் சம்பாதிக்கிறவர். டாக்டரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராகவும் இருக்கலாம்.

ஆங்கிலத்தில் தொழில் செய்கிறவருக்கு இந்த இடத்தில் சிக்கல் தெரியாது. ஒரே ‘யூ’ போதும். தமிழில் நாம் வாயைத் திறந்த முதல் நொடியே மதிப்பு போட்டுவிடுகிறோம். ‘நீங்க’ என்று தொடங்கியிருந்தால் அடுத்த கேள்வியை அவரிடமே கேட்டிருக்க வேண்டியிருக்கும். ‘அவன்’ என்று தொடங்கியதால் அம்மாவிடம் போயிற்று. வலியின் இடம், நேரம், தன்மை எல்லாவற்றையும் தேதி வாரியாகத் தன் போனில் எழுதிவைத்திருந்தார் அவர். அதை யாரும் கேட்கவில்லை. இங்கே பிறர் மனம் எட்டாமல் இருந்தது யாருக்கு?

உலகத்துக்கு ஏற்ப மாற்றுவது என்ற இலக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவில் ஈவார் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வு எங்கள் தொழிலின் வேதமாகவே இருந்தது. வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. 19 குழந்தைகளில் 9 பேர் மற்ற பிள்ளைகளிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி ஆனார்கள் என்றார். அந்தப் பாதைக்கு முன்னோடியாக 1960-களில் அவர் குழந்தைகளுக்கு மின் அதிர்ச்சியும் கொடுத்தார். பிரித்துச் சொல்ல முடியாதபடி என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறார் என்பதே அந்தச் சொல்லில் குணமானதற்கு அளவுகோல். உள்ளே அவர் எப்படி இருக்கிறார் என்று அளக்கவில்லை.

இதே லோவாஸ், ஜார்ஜ் ரெக்கர்ஸ் என்பவரோடு சேர்ந்து 1974-ல் இன்னோர் ஆய்வும் வெளியிட்டார். பெண்தன்மையோடு நடந்த ஒரு சிறுவனை அதே முறையில் ‘சரிசெய்தது’ பற்றியது அது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மாற்றும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்புக்கு முன் தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார் என்பதை இங்குள்ள எல்லோரும் அறிவோம். அத்தகைய சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் பிறகு அறிவித்தது. ஆட்டிசமும் பாலீர்ப்பும் ஒன்றல்ல. ஆட்டிசத்தோடு வாழ்பவருக்கு உதவி தேவை, சிலருக்கு நாள் முழுக்கத் தேவை. ஆனால் ஒருவரை வேறொருவராக நடிக்கப் பழக்குவதைச் சிகிச்சை என்று சொல்லலாமா என்ற கேள்வி ஒன்றுதான். ஓரிடத்தில் கூடாது என்று ஒப்புக்கொண்ட நாம் இன்னோரிடத்தில் அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறோம்.

நடிப்பதற்கு விலை இருக்கிறது. 2014-ல் சாரா காசிடி குழுவினர், பெரியவர்களான பின், ஆட்டிசத்தின் ஒரு வகையாக அன்று கருதப்பட்ட ஆஸ்பெர்கர் என்று கண்டறியப்பட்ட 374 பேரைக் கேட்டார்கள். 66 விழுக்காட்டினர் தற்கொலையை எண்ணியிருந்தார்கள். 35 விழுக்காட்டினர் திட்டமிட்டோ முயன்றோ இருந்தார்கள். காசிடியும் உடனிருந்தவர்களும் 2018-ல் காரணங்களைத் தேடியபோது, தன் இயல்பை மறைத்து நடிப்பதும் தேவையான உதவி கிடைக்காததும் அபாயத்தோடு சேர்ந்தே வந்தன. நாம் வெற்றி என்று குறிக்கும் இடமே அந்த நடிப்புதான்.

நம் ஊரில் ஒரே ஆளுக்கு இரண்டு நடிப்பு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனால் 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலில், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 70-க்குக் கீழே நின்றால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே அங்கே முடியாமை அத்தனையும் தெரிய வேண்டும். மறுவாரம் நேர்முகத் தேர்வு. அங்கே எதுவும் தெரியக் கூடாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சேர்த்தது, தேவையான மாற்றங்களைச் செய்து தரும் கடமையையும் பேசியது. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் வைப்பது புரிகிற அலுவலகங்களுக்கு, வாய்ச்சொல்லாக வரும் வேலையை மின்னஞ்சலில் அனுப்புவதும் அதே கடமைதான் என்று புரியவில்லை. புரியவைக்கும் வேலை நம்முடையது. நாமோ ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இனி அந்த மூத்தவரின் கடைசி வரி, ஏற்பு என்பது கைகழுவுவதுதான் என்பது. அரங்கில் கைதட்டியவர்களில் பாதிப்பேர் மனதில் இருந்ததும் இதுதான்: “இதெல்லாம் பேசத் தெரிஞ்சவங்களுக்குச் சரி. பேச்சே வராத, தன்னைத்தானே அடிச்சுக்கிற, எழுபது வயசு அம்மா குளிப்பாட்டிவிடுற ஆளுக்கு ஏற்பு சோறு போடுமா?” கேட்க வேண்டிய கேள்வி. அந்த அம்மாக்கள் என்னிடமும் வருகிறார்கள். “எனக்கப்புறம் யாரு?” என்ற அவர்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆனால் ஏற்பு அதிகம் தேவைப்படுவது அங்கேதான். 41 வயதுக்காரர் ஒருவர், பேச்சு இல்லை. திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தார். காட்டிய இடத்தில், ஆட்டிசம் என்றால் அப்படித்தான் என்று ரிஸ்பெரிடோன் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். மறுபடி கூட்டினார்கள். ஆறு வாரத்தில் அவர் நாள் முழுக்கத் தூங்கினார், விழித்தபோதெல்லாம் அறைந்துகொண்டார். அவர் அக்காதான் கவனித்தார். அறை எப்போதும் வலப்பக்கமே விழுகிறது. இட்லியை இடப்பக்கம் மட்டும் ஒதுக்கி மெல்கிறான். பல் மருத்துவரிடம் போனார்கள். வலது கீழ்க் கடைவாயில் சீழ் பிடித்திருந்தது. பல்லைப் பிடுங்கிய அடுத்த வாரம் அறை நின்றது. ஆறு வாரமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். குணமாக்கும் கண்ணோடு பார்த்தவர்களுக்கு அது நடத்தைக் கோளாறு. அவரைத் தம்பியாக ஏற்றிருந்த ஒருத்திக்கு அது பேச்சு. 2016-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்கள் இறந்த சராசரி வயது 54-ஐ ஒட்டி இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்றவர்களுக்கு 70. இடைவெளிக்குக் காரணங்கள் பல. கேட்கப்படாத பல்வலிகளும் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கைகழுவுவது, ஏற்பது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் எங்கள் துறையின் முதல் பக்கத்துக்கே போகலாம். லியோ கான்னர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். அவரைச் சில வருடம் ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். கான்னர் 1945-ல் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். பையனுக்கு அளப்பதில் பித்து. அவர்கள் அவனைக் கிணறு தோண்ட வைத்து, ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவான். எண்ணாதே என்று அவர்கள் சொல்லவில்லை. ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணு என்றார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிவந்தான். அவற்றுக்கு ஓர் இடுகாடு ஒதுக்கிக் கொடுத்தார்கள். கான்னர் பார்த்த அன்று ஆறு நீண்ட சால் உழுதான், குதிரையையும் ஏரையும் லாவகமாகத் திருப்பினான்.

டொனால்ட் பட்டம் படித்தார். ஊர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக நாடு நாடாகப் போய் வந்தார். 2023-ல், 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம் என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் 1971-ல் கான்னர் அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று திரும்பிப் பார்த்தபோது, அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்திருந்ததைக் கண்டார். அந்த விவசாயிகள் எந்தப் பயிற்சியும் பெற்றவர்களில்லை. அவர்கள் சும்மா இருந்துவிடவும் இல்லை. கிணறும் ஏரும் நிலமும் கொடுத்து, தினமும் அவனோடு உழைத்திருக்கிறார்கள்.

ஐயா, அன்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில். வேலை இருக்கிறது, முன்பைவிட அதிகமாக. கேட்கப்போகும் கேள்விகளை இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்புவது. கொஞ்ச நேரம் என்பதற்குப் பதில் 20 நிமிடம் என்று சொல்வது, தாமதமானால் போய் மறுபடி சொல்வது. எழுதிக்கொண்டு வந்தால் படிப்பது. பேச்சில்லாதவருக்குப் படப் பலகையோ டேப்லெட்டோ கிடைக்கும்வரை ஓயாமலிருப்பது. வலி இருக்கிறதா என்று தலை முதல் கால்வரை பார்த்தபின் மட்டும் நடத்தை என்ற சொல்லை எழுதுவது. மேனேஜரிடம் போய் உட்கார்ந்து பேசுவது. இவை எதையும் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எல்லாவற்றையும் ஆட்டிசம் உள்ளவர்களிடமிருந்தே கற்றேன், தாமதமாகக் கற்றேன்.

தாளில் நான்கு வரி எழுதிக்கொடுத்த அந்த இளைஞரிடம், என்ன செய்தால் வேலை பார்க்க முடியும் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். யோசித்து மறுவாரம் மூன்று விஷயங்கள் எழுதிவந்தார்: வேலையை எழுத்தில் தர வேண்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இருக்கை வேண்டும், மதியம் தனியாகச் சாப்பிட விட வேண்டும். அடுத்து அவர் சேர்ந்த இடத்துக்கு அந்த மூன்றையும் நான் கடிதமாக எழுதினேன். ஒன்பது வருடமாக அங்கேயே இருக்கிறார்.

என் அறையில் இப்போது நாற்காலிகள் எதிரெதிரே கிடையாது. இரண்டும் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கின்றன. வெளியே ஒரு வேப்பமரம். போன மாதம் வந்தவர் அதைப் பார்த்தபடியே நாற்பது நிமிடம் பேசினார், நானும் அதைப் பார்த்தபடியே கேட்டேன். எந்தக் கேள்வியையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.